ஓடும் நிறைக்கு ஒரு கணக்கு

மூன்றாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல் துறை

ஆடி, ஆவணி மாதங்களில் நாளிதழைப் பிரித்தால் தவறாமல் கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்பது அது. அதே செய்தியின் கடைசி வரியில், அணையின் நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. என்றும் இருக்கும். முதல் எண் ஓடுவதைச் சொல்கிறது. இரண்டாம் எண் நிற்பதைச் சொல்கிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள். வகுத்துப் பார்த்தால் 11,574 வரும். அதாவது, விநாடிக்கு 11,574 கன அடி வீதம் நாள் முழுதும் நீர் வந்து, வெளியே ஒரு துளியும் விடாதிருந்தால், அணையில் ஒரு டி.எம்.சி. கூடும். இந்த ஒரு வகுத்தலைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த மூலைச் செய்தி வேறு முகம் காட்டும்.

ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது கன அடியை அன்று, கிலோகிராமை. கன அடி பருமனைச் சொல்வது. பருமன் நிலையற்றது. சூடேறினால் விரியும், அழுத்தினால் சுருங்கும். நீரில் இது அவ்வளவாகத் தெரியாது. நீராவியிலும் வாயுக்களிலும் இதுவே பெருஞ்சிக்கல். ஆனால் நிறை அப்படியன்று. ஒரு குழாயின் இந்த முனையில் நுழைந்த ஒரு கிலோகிராம், நடுவே கசியாவிட்டால், அந்த முனையில் ஒரு கிலோகிராமாகவே வெளிவரும். கொதிகலன், விமான எஞ்சின், இராக்கெட், மருந்து ஏற்றும் கருவி ஆகிய எல்லாவற்றிலும் இறுதியில் ஒருவர் கேட்கும் கேள்வி, "ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு நிறை கடந்து போகிறது?" என்பதே. இதனையே நிறைப்பாய்வு வீதம் என்கிறோம். (நிறை வேறு, எடை வேறு என்பதை முதலாண்டிலேயே நம் பேராசிரியர்கள் மனத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே அந்தப் பஞ்சாயத்தை இங்கே கூட்டவில்லை.)

இவ்வீதத்தின் அலகுகளுக்குத்தான் எத்தனை வடிவம்! அனல்மின் நிலையத்தார் மணிக்கு இத்தனை டன் என்பார்கள். பாடநூல் விநாடிக்கு இத்தனை கிலோகிராம் என்னும். மருத்துவமனையில் நிமிடத்திற்கு இத்தனை மைக்ரோகிராம். நம் நூலகத்தில் உள்ள பழைய ஆங்கில நூல்களிலோ மணிக்கு இத்தனை பவுண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வெறும் பெருக்கல் வகுத்தல்தானே என்று நினைக்கத் தோன்றும். பெருக்கல் வகுத்தல்தான், மறுக்கவில்லை. ஆயினும் எந்தப் பக்கம் பெருக்குவது, எந்தப் பக்கம் வகுப்பது என்பதில்தான் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகிறது. வெளியுலகில் அதைவிடப் பெரியது போகிறது.

காரணம் எளியது. இந்த அலகுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பாகங்கள். மேலே நிறை, கீழே நேரம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். மேலே உள்ள அலகைச் சிறியதாக்கினால் எண் பெருக்கும்: ஒரு டன் ஆயிரம் கிலோகிராம் ஆகும். கீழே உள்ள அலகைச் சிறியதாக்கினால் எண் சிறுக்கும்: ஒரு மணி நேரத்தில் போவதில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு விநாடியில் போகும். மணிக்கு ஒரு டன் என்பதை விநாடிக்குக் கிலோகிராமாக்க, ஆயிரத்தால் பெருக்கி 3,600ஆல் வகுக்க வேண்டும். 0.2778 கிலோகிராம் வரும், அதாவது 277.8 கிராம். நிமிடத்திற்கு என்றால் 16.67 கிலோகிராம். மூன்றும் ஒரே ஓட்டம்தான். ஆனால் 1, 277.8, 16.67 என்னும் மூன்று எண்களையும் அலகில்லாமல் எழுதி ஒருவரிடம் நீட்டினால், எது பெரிது என்று அவர் எப்படிச் சொல்வார்?

எனக்குப் பிடித்த முறை, ஒன்றால் பெருக்குவது. "1000 கிலோகிராம் / 1 டன்" என்னும் பின்னத்தின் மதிப்பு ஒன்று. ஏனெனில் மேலும் கீழும் சமம். "1 மணி / 3600 விநாடி" என்பதன் மதிப்பும் ஒன்றே. எந்த வீதத்தையும் இத்தகைய பின்னங்களால் பெருக்கலாம். உண்மை மாறாது, உடை மட்டும் மாறும். டன்னை நீக்க வேண்டுமானால் டன் கீழே வரும்படி பின்னத்தை எழுத வேண்டும். மணியை நீக்க வேண்டுமானால் மணி மேலே வரவேண்டும். எண்களை அடிப்பதுபோலவே அலகுகளையும் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தால், மிஞ்சும் அலகு நாம் வேண்டிய அலகாக இருக்கும். இல்லையென்றால் பின்னம் ஒன்று தலைகீழாக நிற்கிறது என்று பொருள். இம்முறை சற்று நேரம் பிடிக்கும். பலர் இதைச் சிறுபிள்ளைக் கணக்கு என்று தள்ளிவிட்டு நினைவிலிருந்து 3.6ஐப் பெருக்குவார்கள், அல்லது வகுப்பார்கள். எது என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

நினைவில் வைக்கவே வேண்டுமானால் மூன்று எண்கள் போதும். விநாடிக்கு ஒரு கிராம் என்பது மணிக்கு 3.6 கிலோகிராம், நாளுக்கு 86.4 கிலோகிராம், ஆண்டு முழுதும் ஓயாமல் ஓடினால் 31.5 டன். விநாடிக்கு ஒரு கிராம் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓராண்டில் முப்பத்தொன்றரை டன் என்றால் முதலாளி நாற்காலியை விட்டு எழுவார். நீராவிக் குழாயின் இணைப்பில் மெல்லச் சீறும் ஒரு கசிவு இந்த அளவுக்குப் போகக்கூடியது. சிறிய அலகில் சொன்னால் அது ஒரு சத்தம். பெரிய அலகில் சொன்னால் அது ஒரு செலவு.

நீராவியைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம், என் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்ப்பவர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து அவிக்க நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு எரிபொருள், அதே நெல்லிலிருந்து வரும் உமி. அங்குள்ள கொதிகலனின் பித்தளைத் தகட்டில் மணிக்கு 2 டன் என்று பொறித்திருக்கும். நல்ல காய்ந்த உமி ஒரு கிலோ ஏறத்தாழ மூன்று கிலோ நீராவியைத் தரும். அப்படியானால் முழுவீச்சில் ஓடும்போது மணிக்கு 670 கிலோ உமி வேண்டும். நிமிடத்திற்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். விநாடிக்கு 186 கிராம். உமி இலேசானது, 186 கிராம் என்றால் ஒரு படிக்கு மேலேயே இருக்கும். ஒவ்வொரு விநாடியும் ஒரு படி உமி நெருப்புக்குள் போய்க்கொண்டே இருப்பதாக எண்ணிப் பாருங்கள். மணிக்கு 670 கிலோ என்றபோது தோன்றாத படம், விநாடிக்கு ஒரு படி என்றவுடன் கண்முன் நிற்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் அந்த ஆலையில் கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பு பழுதாகிவிட்டது. புதியது வாங்கினார்கள். அதன் தகட்டில் நிமிடத்திற்கு 30 லிட்டர் என்று இருந்தது. விற்றவர், "உங்க பாய்லர் ரெண்டுதானே, இது முப்பது. தாராளமாப் போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இரண்டு தகடுகளிலும் இருந்ததை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். "ஏம்மா, அந்த ரெண்டும் இந்த முப்பதும் ஒண்ணா வருதான்னு பாரு. எனக்கு என்னவோ சரியாப் படல" என்றார்.

ஒன்றாக வரவில்லை. நிமிடத்திற்கு 30 லிட்டர் என்றால் மணிக்கு 1,800 லிட்டர். நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோகிராம் என்று வைத்தாலும் மணிக்கு 1.8 டன்தான். அதோடும் நிற்கவில்லை. அந்தத் தொட்டியில் உள்ளது பச்சைத் தண்ணீர் அன்று. திரும்பி வரும் வெந்நீர் கலந்தது. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் சூடு. அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் நீரின் நிறை 0.972 கிலோகிராம். பம்பு தள்ளுவது லிட்டரை; கொதிகலன் செலவிடுவது கிலோகிராமை. 1,800ஐ 0.972ஆல் பெருக்கினால் 1,750 கிலோகிராம். வெளியே போவது மணிக்கு 2,000. உள்ளே வருவது 1,750. மணிக்கு 250 கிலோகிராம் குறைவு.

குறைந்தால் என்ன ஆகும்? கொதிகலனின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அது காட்டும். அதன் மேற்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் இடையே அந்தக் கொதிகலனில் ஏறத்தாழ 300 லிட்டர் நீர் என்பது அப்பாவின் அனுபவக் கணக்கு. முழுவீச்சில் ஓடினால் ஒரு மணி பத்து நிமிட வாக்கில் நீர் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். அதற்கும் கீழே போனால் நெருப்பு நக்கும் இரும்புத் தகட்டின்மேல் நீர் இராது. தகடு பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும். உள்ளே இருக்கும் நீராவி அழுத்தத்தை அது தாங்காது. கொதிகலன் வெடிப்புகளுக்கு நீர்மட்டக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்பதைக் கொதிகலன் நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. நாள் முழுதும் ஆலை முழுவீச்சில் ஓடுவதில்லை. அவியலுக்கு எல்லா வால்வுகளையும் திறக்கும் வேளையில்தான் 2 டன்னும் தேவைப்படும். ஆகவே அந்தப் பம்பு பல நாள் குறையின்றி ஓடியிருக்கும். எல்லோரும் நல்ல பம்பு என்றே சொல்லியிருப்பார்கள். ஓர் அவசர நாளில், இரண்டு அவியல் தொடர்ச்சியாகப் போடும்போது, கண்ணாடியைப் பார்க்காத ஒரு மணி நேரத்தில்தான் அதன் குறை தெரிந்திருக்கும். மறுநாள் அப்பா அந்தச் சீட்டை மேலாளரிடம் காட்டினார். பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிடத்திற்கு 50 லிட்டர் தள்ளும் பம்பை வாங்கினார்கள். அது வெந்நீரில் மணிக்கு 2.9 டன் தரும்.

விற்றவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது இரண்டைவிடப் பெரிது என்பது உண்மைதானே! அலகு மாற்றத்தில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பம்புதான் எனக்குக் காட்டியது. ஆயிரம் மடங்கு தவறு நேர்ந்தால் அது தானே கூவிவிடும். 2 டன் கொதிகலனுக்கு 2,000 டன் பம்பு என்று எவரும் வாங்கமாட்டார்கள். 1.75க்கும் 2க்கும் உள்ள வேறுபாடு கூவாது. பார்ப்பதற்கு நியாயமான எண்ணாகவே இருந்துவிடும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் மற்ற விமானங்கள் எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட, புதிதாக வந்த இந்த விமானம் கிலோகிராமில் கணக்கிட்டது. அன்று அதன் எரிபொருள் அளவுமானி பழுது. ஆகவே தொட்டிகளை அளவுகோல் கொண்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்திற்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரை நிறையாக்க 1.77 என்னும் எண்ணால் பெருக்கினார்கள். 13,597 வந்தது. இன்னும் 8,703 கிலோகிராம் தேவை என்று முடிவு செய்து, அதை மீண்டும் 1.77ஆல் வகுத்து, 4,917 லிட்டர் ஊற்றினார்கள்.

1.77 என்பது சரியான எண்தான். ஆனால் அது ஒரு லிட்டர் விமான எரிபொருளின் நிறை பவுண்டில். கிலோகிராமில் அது 0.8 அளவே. ஆகவே விமானத்தில் உண்மையில் இருந்தது 22,300 கிலோகிராம் அன்று; அதில் பாதிக்கும் குறைவு. ஊற்றியிருக்க வேண்டியது ஏறத்தாழ 20,000 லிட்டர். ஒட்டாவாவில் மறுபடியும் அளந்து பார்த்தார்கள். அங்கும் அதே 1.77. சரிபார்ப்பு என்ற பெயரில் அதே தவற்றை இன்னொரு முறை செய்தால் அது முதல் தவற்றுக்குச் சான்றிதழ் கொடுப்பதாகவே முடியும்.

இதில் நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது இனித்தான் வருகிறது. எஞ்சின்களுக்குள் எவ்வளவு எரிபொருள் பாய்கிறது என்பதை விமானத்தின் கணிப்பொறி அளந்துகொண்டே இருந்தது. அந்த நிறைப்பாய்வு வீதத்தைக் காலத்தோடு கூட்டி, தொடக்க இருப்பிலிருந்து கழித்து, மீதி இவ்வளவு என்று விமானிகளுக்குக் காட்டியது. வீதம் சரி, கழித்தலும் சரி. தொடக்கத்தில் மனிதர் கொடுத்த எண் மட்டுமே தவறு. அதனால் திரையில் போதிய எரிபொருள் இருப்பதாகத் தெரிந்தது, தொட்டியில் இல்லை. நடுவானில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத் தலைவர் பாப் பியர்சன் கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர் என்பது 69 உயிர்களின் நற்பேறு. எஞ்சின் இல்லாமலே விமானத்தைச் சறுக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். ஒருவரும் இறக்கவில்லை.

பவுண்டுக்கும் கிலோகிராமுக்கும் உள்ள விகிதம் 2.2. ஆயிரம் அன்று, அறுபதும் அன்று, வெறும் 2.2. அதனால்தான் அந்த எண்ணைப் பார்த்தவர் யாருக்கும் உறுத்தவில்லை. நாமும் பழைய நூல்களைப் புரட்டும்போது இதனை மறக்கலாகாது. மணிக்குப் பத்து இலட்சம் பவுண்டு நீராவி என்று ஒரு நூல் சொன்னால், அது மணிக்கு 453.6 டன், விநாடிக்கு 126 கிலோகிராம். டன் என்னும் சொல்லும் ஒரு மாயக்காரன். மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். பிரிட்டிஷ் டன் 1,016. அமெரிக்க டன் 907. தமிழில் மூன்றையும் டன் என்றே எழுதுகிறோம். நூல் எந்த நாட்டது என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி மிகச் சிறிய அலகுகளுக்கு வருவோம். என் அக்கா ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். இரவுப் பணி முடித்து வரும் நாள்களில் அவர் சொல்லக் கேட்டே இதை எழுதுகிறேன். (மருத்துவக் குறிப்பாக இதை யாரும் கொள்ள வேண்டாம், கணக்காக மட்டும் கொள்க.) இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்ட நோயாளிக்கு டோபமின் என்னும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக, இடைவிடாமல் செலுத்துவது உண்டு. மருத்துவர் எழுதும் அளவு, உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு நிமிடத்திற்கு, இத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மருந்துக் குப்பியின்மேல் எழுதியிருப்பதோ மில்லிகிராம். மருந்தைத் தள்ளும் பம்பு கேட்பதோ மணிக்கு இத்தனை மில்லிலிட்டர். ஒரே மருந்துக்கு மூன்று மொழி. நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரு செவிலியர், பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு.

60 கிலோகிராம் உள்ள நோயாளிக்கு 5 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால், நிமிடத்திற்கு 300 மைக்ரோகிராம். 60ஆல் பெருக்கினால் மணிக்கு 18,000 மைக்ரோகிராம். ஆயிரத்தால் வகுத்தால் மணிக்கு 18 மில்லிகிராம். குப்பியில் உள்ள 200 மில்லிகிராம் மருந்தைக் கரைசலோடு சேர்த்து 50 மில்லிலிட்டராக்கியிருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம். 18ஐ 4ஆல் வகுத்தால் 4.5. பம்பில் வைக்க வேண்டியது மணிக்கு 4.5 மில்லிலிட்டர். இங்கும் கடைசிப் படி நிறையைப் பருமனாக மாற்றும் படிதான் என்பதைக் காண்க. ஆலையில் வெந்நீரும், விமானத்தில் எரிபொருளும் தடுக்கிய அதே படிக்கட்டு.

"ஆயிரத்தால் வகுக்க மறந்தா பயமில்லடீ" என்றார் அக்கா. "மணிக்கு 4,500 மில்லிலிட்டர்னு வரும். பம்பே வாங்காது, நமக்கும் சிரிப்பு வந்துடும். கடைசி நாலால வகுக்காம 18ஐ அப்படியே பம்புல வச்சிட்டா? 18ங்கறது பார்க்க ஒழுங்கான எண்ணுதான். மத்த பம்புல எல்லாம் அப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கும்." அவ்வாறு வைத்துவிட்டால் நோயாளிக்குப் போவது நான்கு மடங்கு. கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 20 மைக்ரோகிராம் என்னும் அந்த அளவில் இம்மருந்து இரத்தக் குழாய்களைக் கடுமையாகச் சுருக்கும், இதயத்துடிப்பும் தடுமாறலாம். ஆகவே இத்தகைய மருந்துகளுக்கு இரண்டு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டு, விடையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பம்பைத் தொடுவார்களாம். ஒருவர் போட்டதை மற்றவர் எட்டிப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது என்பது அவர்கள் வழக்கம். ஒட்டாவாவில் அந்த வழக்கம் இருந்திருக்கலாம்!

மைக்ரோகிராமைக் குறிக்க நாம் ஆய்வுக்கூடத்தில் மியூ என்னும் கிரேக்க எழுத்தைப் போடுகிறோம். மருத்துவமனைகளில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அவசரத்தில் எழுதிய மியூ, மில்லியைக் குறிக்கும் எம் எழுத்தைப்போல் தெரிந்துவிடும். ஆயிரம் மடங்கு போய்விடும். எழுத்துகளை முழுமையாக எழுதுவதே பாதுகாப்பு.

நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய ஓட்டம் ஒன்றையும் பார்த்துவிடுவோம். நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் திறனுள்ள ஏழு அலகுகள் அமைந்தன. அத்தகைய ஓர் அலகு எவ்வளவு பழுப்பு நிலக்கரி தின்னும்? மதிப்பீடாகவே போடலாம். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 30 பங்கு மின்சாரமாகிறது என்று கொண்டால், விநாடிக்கு 70 கோடி ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி ஏறத்தாழ 1.05 கோடி ஜூல் தரும். வகுத்தால் விநாடிக்கு 67 கிலோகிராம். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 240 டன். நாளுக்கு 5,760 டன். விநாடிக்கு 67 கிலோகிராம் என்பது கொதிகலனை வடிவமைப்பவருக்கு வேண்டும். மணிக்கு 240 டன் என்பது சுரங்கத்திலிருந்து பட்டையில் அனுப்புபவருக்கு வேண்டும். நாளுக்கு 5,760 டன் என்பது கிடங்கில் இருப்பு வைப்பவருக்கு. மூவரும் ஒரே நிலக்கரியைப் பற்றியே பேசுகிறார்கள். யார் எவ்வளவு நேரம் முன்னே பார்க்க வேண்டுமோ, அவரவர் அலகின் கீழ்ப்பாகத்தில் அந்த நேரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதனாலேயே இராக்கெட்டுக்காரர்கள் மணிக்கணக்கு பேசுவதில்லை. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏந்திச் சென்ற எல்.வி.எம்.3 இராக்கெட்டின் இருபுறமும் எஸ்200 என்னும் திட எரிபொருள் உந்திகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 205 டன் எரிபொருள். ஏறத்தாழ 130 விநாடியில் எரிந்து முடியும். இரண்டும் சேர்ந்து விநாடிக்குச் சராசரி 3.15 டன். (தொடக்கத்திலும் முடிவிலும் வீதம் மாறும், சராசரியை மட்டும் கொள்வோம்.) இதை மணிக்கு மாற்றினால் 11,300 டன்னுக்கு மேல் வரும்; நெய்வேலி அலகுகள் 47 தின்னும் அளவு. கணக்கு சரி, பொருளில்லை. இரண்டு நிமிடமே ஓடுவதை மணிக்கணக்கில் சொல்லி என்ன பயன்?

இதற்கு நேர் எதிர்க் கோடியில், 2007 செப்டம்பர் 27 அன்று அமெரிக்கா அனுப்பிய டான் விண்கலம் நிற்கிறது. வெஸ்டா, செரிஸ் என்னும் இரு சிறு உலகங்களைச் சுற்றிவந்த கலம் அது. அதன் அயனி எஞ்சின், செனான் வாயுவை மின்னூட்டி வெளியே வீசி உந்துவிசை பெற்றது. முழுவீச்சில் அது செலவிட்டது விநாடிக்கு 3.25 மில்லிகிராம். மணிக்கு 11.7 கிராம், நாளுக்கு 281 கிராம். புறப்படும்போது அதில் இருந்த செனான் 425 கிலோகிராம். முழுவீச்சில் இடைவிடாமல் ஓட்டியிருந்தாலும் அது 1,500 நாள்களுக்கு மேல், அதாவது நான்கு ஆண்டுகளுக்கு மேல் வந்திருக்கும். அதே 425 கிலோகிராமை எஸ்200 உந்திகள் இரண்டும் சேர்ந்து எரித்துத் தீர்க்க எடுக்கும் நேரம், ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு.